சாதா முகம்

'சாதா' என்ற சொல்லைத் தோசைக் கல்லிலிருந்து பிடுங்கி மனிதர்களின் மேல் ஒட்டியவள் கோமதிதான். அதற்கு முன் அது யாரையும் புண்படுத்தாத சொல். ஓட்டலில் மசாலா வேண்டாமென்றால் சாதா. பேருந்தில் சொகுசு கிடைக்காவிட்டால் சாதா. அவ்வளவுதான்.

அவிரா போனுக்கு விளம்பரம் எழுதும் வேலை அவளுடைய ஏஜென்சிக்கு வந்தபோது, மற்ற போன்களைத் திட்டக்கூடாது, ஒப்பிடவும் கூடாது என்று அந்த நிறுவனம் சொல்லிவிட்டது. கோமதி ஒன்றும் திட்டவில்லை. அரை நிமிட விளம்பரம் ஒன்று எழுதினாள். அலுவலகத்தில் ஒரு பெண் பக்கத்து நாற்காலிக்காரனின் போனைப் பார்க்கிறாள். காய்ச்சலா என்று கேட்பதுபோல் குரலைத் தாழ்த்தி, "உன்னோடது சாதாவா?" என்று கேட்கிறாள். அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொள்கிறான். முடிந்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் ஏளனம் துளிகூட இருக்கக் கூடாது, இரக்கம் மட்டுமே இருக்க வேண்டும் என்று கோமதி படப்பிடிப்பில் நின்று வாங்கிய உயிர் கொஞ்சமல்ல.

ஒரு வருடத்தில் அது நாடெல்லாம் தொற்றிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் 'போடா சாதா' என்று திட்டிக்கொண்டார்கள். கல்யாணத் தகவல் மையங்களில் 'அவிரா குடும்பம் விரும்பத்தக்கது' என்று கூச்சமில்லாமல் எழுதினார்கள். ஆய்வு முடிவுகள் இன்னும் அழகு. அவிரா வைத்திருப்பவர்கள் நேர்மையானவர்கள், சுறுசுறுப்பானவர்கள், நம்பிக் கடன் கொடுக்கலாம் என்று ஜனங்கள் சொன்னார்கள். சாதாக்காரர்களைப் பற்றிக் கேட்டால் மழுப்பினார்கள். ஏனென்று தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்றார்கள். ஏஜென்சி கோமதியை மேடையில் ஏற்றி, ஊறுகாய் ஜாடி மூடி போன்ற ஒரு கண்ணாடி விருதைக் கையில் கொடுத்தது. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊரின் கண்ணையே மாற்றிவிட்டோம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால்தான் பிற்பாடு அவளுக்கு அவமானமாக இருந்தது.

ஊரில், சங்கரன்கோவிலில், அவளுடைய தம்பி நெல்லையப்பன் மாட்டு டாக்டர். தோள்பட்டை வரை கையை மாட்டுக்குள் விட்டுக் கன்றுக்குட்டியை இழுத்துப் போடுகிற ஆள். போனைத் தண்ணீர்த் தொட்டியில் போடுவான், சாணியில் போடுவான், எடுத்துத் துடைத்து மறுபடி பேசுவான். அவிரா ஒன்று வாங்கித் தரட்டுமா என்று கோமதி கேட்டபோதெல்லாம், என் கையிலிருப்பது எந்த போன் என்று பசுவுக்குத் தெரியாது என்று சொல்லிவிடுவான்.

பசுவுக்குத் தெரியாதது மனிதர்களுக்குத் தெரிந்திருந்தது. இப்போதெல்லாம் முதல் பார்வை வீடியோ காலில்தான். இரண்டு வீட்டுக்கும் திருப்தி என்றால்தான் நேரில் வந்து பஜ்ஜி சொஜ்ஜி. நெல்லையப்பனுக்கு வந்த இடங்கள் ஒன்றுகூட பஜ்ஜி வரை வரவில்லை. பையன் நல்ல பையன்தான், படிப்பும் இருக்கிறது, ஆனால் முகத்தில் களை இல்லையே என்று சொல்லியனுப்பினார்கள். ஒரு வீட்டில், கேள்வி கேட்டால் முழிக்கிறார் என்றார்கள். இன்னொரு வீட்டில், சிரிப்பு செயற்கையாக இருக்கிறது, ஏதாவது பழக்கம் இருக்குமோ என்று தரகரிடமே கேட்டுவிட்டார்கள். அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு போய் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள்.

இதில் கேவலம் என்னவென்றால், கோமதிக்கும் அப்படித்தான் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் தம்பியைப் பார்க்கும்போதெல்லாம் அவன் எதையோ மறைப்பதுபோல், மந்தமாகிவிட்டதுபோல் இருந்தது. ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள், குடிக்கிறாயா என்று. அவன் இணைப்பைத் துண்டித்துவிட்டான். அதற்குப் பிறகு தம்பி கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகுகிறான் என்று அம்மா சொன்னாள்.

அப்புறம்தான் வடிவு வந்தாள். பக்கத்து ஊரில் பால் சங்கத்தில் வேலை. மாட்டைப் பார்க்கப் போன இடத்தில் பழக்கம். இருவருக்கும் பிடித்திருந்தது, வடிவின் அம்மாவுக்கும் சம்மதம். ஆனால் அப்பா இல்லாத வீடு. மஸ்கட்டில் அவிராவும் கையுமாக இருக்கும் அண்ணன் ஐயப்பன் சரி என்று சொன்னால்தான் நடக்கும். அவர் நெல்லையப்பனை வீடியோவில் பார்த்துப் பேச ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறைக் குறித்தார். தபசு பார்க்க ஊருக்கு வந்திருந்த கோமதி, இந்த முறை நானும் கூட இருக்கிறேன் என்று சொன்னாள். அவன் சொதப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் எண்ணம்.

ஒரே அறையில் இரண்டு போன் இருந்தால் ஊளையிடும் என்பதால் தன் அவிராவில் அதே வீடியோ காலில் சேர்ந்துகொண்டு அடுக்களைக்குள் போய், ஒலியை அடைத்துவிட்டு உட்கார்ந்தாள். கதவு திறந்திருந்தது. கூடத்தில் தம்பியின் முகம் பக்கவாட்டில் நன்றாகத் தெரிந்தது. அவள் கையிலிருந்த திரையிலும் தெரிந்தது.

மஸ்கட் அண்ணன் சம்பிரதாயமெல்லாம் பேசிவிட்டு, இத்தனை நாள் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டார். நெல்லையப்பன் கண நேரம்கூட யோசிக்கவில்லை. "ராத்திரி மாடு கன்னு போடும்போதெல்லாம் என்னையத்தான் கூப்பிடுதாவ. மாட்டு வாசனையோட வாரவனுக்கு எவ கதவு தொறப்பா?" என்று சொல்லிச் சிரித்தான். கண் சுருங்கி, கன்னம் மேலேறி, தோள் குலுங்கச் சிரித்தான். மூலையில் இருந்த அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். கோமதிக்கே சிரிப்பு வந்தது.

அதே சிரிப்போடு திரையைப் பார்த்தாள். திரையில் தம்பி அப்போதுதான் வாயைத் திறந்தான். பதில் யோசித்துச் சொன்னதுபோல் வந்தது. வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. கன்னம் எழும்பவில்லை. கண்ணில் இருந்த ஈரத்தை யாரோ துணியால் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. திரையின் மறு கட்டத்தில் ஐயப்பனின் முகம் இறுகியது.

கோமதி கதவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி கதவைப் பார்த்தாள். சிக்னல் கோளாறு என்றால் படம் உடையும், நிற்கும். இது உடையவில்லை, நிற்கவில்லை. ஒரு மனிதனை மட்டும் பார்த்து அளவாகச் சாறு பிழிந்திருந்தது. அதே திரையின் ஓரத்தில் அவளுடைய முகமும் இருந்தது. ரயிலில் தூங்காமல் வந்து, தலை காயாமல், வீங்கிய கண்ணோடு உட்கார்ந்திருந்தவள் அதில் கோயிலுக்குப் போய் வந்தவள்போல் பளிச்சென்று இருந்தாள். தன் முகத்தைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே வடிவு வீட்டுச் செய்தியோடு தரகர் வந்துவிட்டார். மஸ்கட் அண்ணனுக்கு மனசு ஒப்பவில்லையாம். வடிவு அழுதாளாம், ஆனால் அண்ணனை மீறமாட்டாள்.

தரகர் போனதும் கோமதி தம்பியை உட்காரவைத்துத் தான் பார்த்ததைச் சொன்னாள். அவன் கோபப்படுவான் என்று நினைத்தாள். அவனோ, "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லியாக்கா?" என்று கேட்டான். இத்தனை நாளாகத் தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று அவனும் நம்பியிருக்கிறான். கோமதிக்கு, குடிக்கிறாயா என்று கேட்ட நாக்கை அறுத்துப் போடலாம்போல் இருந்தது.

தன் அவிராவை நீட்டி, இதிலிருந்து இன்னொரு தடவை ஐயப்பனைக் கூப்பிட்டுப் பேசு, இப்போதே பேசு என்றாள். அவன் மாட்டேன் என்றுவிட்டான்.

"அப்படிப் பேசி அவிய சரின்னு சொன்னா, பொண்ணு குடுக்கது எனக்கா, போனுக்கா? நீ இதை எல்லாருக்கும் தெரியிற மாதிரி சொல்லு. அந்த அண்ணனுக்கும் தெரியட்டும். பெறவு என்னை என் மூஞ்சியோட பாக்கட்டும்."

கோமதி தபசு பார்க்காமலே சென்னைக்கு ரயிலேறினாள்.

அவிராவின் விளம்பரத் தலைவர் ரகோத்தமன் குரலை உயர்த்தாத மனிதர். யார் வந்தாலும் முதலில் காபி சொல்வார். கோமதி சொன்னதை முழுக்கக் கேட்டார், மறுக்கவே இல்லை. அவர் மறுத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் பொறுமையாக விளக்கினார். வீடியோ காலில் வருவது யாருடைய முகமும் அல்ல, போன் வரைந்து காட்டுகிற முகம்தான் என்றார். எல்லா போனும் கொஞ்சம் அழகாக்கித்தான் காட்டுகிறது. அவிராவிலிருந்து போகிற முகத்தைக் கொஞ்சம் அதிகமாகத் துலக்கினார்கள். வித்தியாசம் போதவில்லை. அதனால் வேறு போனிலிருந்து வருகிற முகம் அவிராவின் திரைக்கு வரும்போது கொஞ்சம் எடுத்தார்கள். காட்சி மேம்பாட்டுக்குச் சம்மதம் என்று வாங்குகிறவர் எல்லாரும் அழுத்தியிருக்கிறார்கள், சட்டத்தில் இடமில்லாமல் செய்யவில்லை என்றும் சொன்னார்.

"என்ன எடுத்தீங்க?" என்று கோமதி கேட்டாள்.

"நீங்க சொன்னதைத்தான்." அவர் ஆச்சரியத்தோடு பார்த்தார். "வெளிநாட்டு எஞ்சினியர்கள் வந்திருந்தபோது நீங்கதானே ஒரு மணி நேரம் களைன்னா என்னன்னு பாடம் எடுத்தீங்க? நம்ம ஜனங்க நிறம் பாக்கறதுக்கு முன்னாடி களை பாப்பாங்க, அது கண்ணோட ஈரத்துல இருக்கு, பேச்சுக்கு முன்னாடி கன்னம் எழும்பறதுல இருக்கு, பதில் தயங்காம வர்றதுல இருக்குன்னு. அவங்க அசந்து போயிட்டாங்க. மூக்கைச் சின்னதாக்கினா கண்டுபிடிச்சிடுவாங்க. களையை எடுத்தா யாராலும் எதுன்னு சொல்ல முடியாது. ஏதோ சரியில்லைன்னு மட்டும் தோணும்."

அந்தக் கூட்டம் அவளுக்கு நினைவிருந்தது. எத்தனை உற்சாகமாகப் பேசினாள், கையை ஆட்டி, தம்பி சிரிப்பதை நடித்துக்கூடக் காட்டினாள்.

"அப்போ என் விளம்பரம்?"

"அது பேர் வெச்சது. பேர் மட்டும் போதுமா? சாதான்னா மட்டம்னு நாம சொல்றோம். ஜனங்க வீட்டுக்குப் போய்ப் பார்த்தா அது நிஜமா இருக்க வேண்டாமா? இல்லேன்னா அது பொய் விளம்பரம், கோமதி. நாங்க உங்க விளம்பரத்தை உண்மையாக்கினோம்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கபடமே இல்லை. ஒரு நல்ல காரியத்தை இருவருமாகச் சேர்ந்து செய்த நிறைவுதான் இருந்தது. காபி ஆறுகிறது என்று நினைவூட்டினார். கோமதி கம்பெனி கொடுத்த அவிராவைக் காபிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். கழிப்பறைக்குப் போய்க் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். கையில் ஒன்றும் இல்லை. இருந்தும் பிசுபிசுப்பு போகவில்லை.

அன்றே வேலையை விட்டாள். ரிச்சி தெருவுக்குப் போய்க் கிடைத்ததில் மலிவான ஒரு போனை வாங்கினாள். இணையத்தில் செய்தி நடத்தும் ஒரு சேனலில் தெரிந்த பையன் இருந்தான். விஷயத்தைக் கேட்டதும் துள்ளினான். ஸ்டூடியோவெல்லாம் வேண்டாம் மேடம், வீடியோ கால்லயே எடுத்துடலாம், நேரலையாகப் போகும் என்றான்.

அங்கேதான் அவள் புத்தி பிசகியது. தன் புது போன் சாதா என்று அவளுக்குத் தெரியும், பேட்டி எடுப்பவன் கையில் அவிராதான் இருக்கும் என்றும் தெரியும். யாரிடமாவது ஓர் அவிராவை இரவல் வாங்கியிருக்கலாம். அந்த அசிங்கத்தைத் தொட்டு அதைப் பற்றியே பேசுவதா என்று வீறாப்பு. கொஞ்சம் களை குறைந்தால் என்ன, சொல்வது உண்மைதானே என்று நினைத்துவிட்டாள். ஊரிலுள்ள அத்தனை பேரையும் முகத்தைக் காட்டியே ஏமாற்றி விருது வாங்கியவள், தன் முறை வந்தபோது உண்மைக்கு முகம் தேவையில்லை என்று நம்பினாள்.

நன்றாகவே பேசினாள். தம்பியின் பெயரைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னாள், களை என்ற பாடத்தைத் தானே எடுத்ததையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டாள். பேசி முடித்தபோது உடம்பு லேசாகிவிட்டது. பிறகு பேட்டியைப் போட்டுப் பார்த்தாள்.

திரையில் ஒரு பெண் உட்கார்ந்து திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் கதை ஜோடிப்பதுபோல் தாமதித்தாள். தம்பியைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது, முகம் உடையவில்லை. அவளைக் கோமதியே நம்பியிருக்கமாட்டாள்.

கீழே வந்த கருத்துகளைப் படிக்கப் படிக்க உடம்பு கூசியது. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது புளுகுதுன்னு. வேலையைவிட்டுத் தூக்கின கடுப்பு. யார்கிட்டக் காசு வாங்குச்சோ. சில பேர் சோதித்தும் பார்த்தார்கள். கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு போனை வைத்துக்கொண்டு பேசிப் பார்த்து, ஒரு வித்தியாசமும் இல்லை என்று படம் எடுத்துப் போட்டார்கள். இருக்காதுதான். இரண்டு போன் ஒரே அறையில் இருந்தால் அது போனுக்கே தெரியும். பேட்டி வெளியான அன்றே, ஒரே அறையில் களையை எடுக்காதே என்று அவர்கள் மாற்றிவிட்டிருப்பார்கள். சொல்லக்கூட வேண்டியதில்லை, அவர்கள் வேலை செய்கிற விதம் அவளுக்கு அத்துபடி.

அவிரா நிறுவனம் வழக்குப் போடவில்லை. சகோதரி கோமதியின் மன அழுத்தம் எங்களுக்குப் புரிகிறது, அவர் விரைவில் நலம்பெறப் பிரார்த்திக்கிறோம் என்று ஓர் அறிக்கை விட்டது. யார் எழுதியது என்று அவளுக்குத் தெரிந்தது. அவளிடம் தொழில் பழகிய பெண்ணின் நடை அது. இரக்கம் மட்டும், ஏளனம் துளிகூட இல்லை.

சங்கரன்கோவிலில் அம்மா வெளியே தலைகாட்ட முடியவில்லை என்று புலம்பினாள். மஸ்கட்டிலிருந்து ஐயப்பனும் பேட்டியைப் பார்த்தாராம். அக்காகாரிக்கும் அதே முழி, அந்தக் குடும்பத்துக்கே களை கிடையாதுபோல என்று சொன்னாராம். கோமதி போனை அணைத்துவிட்டுப் படுத்தாள். யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை, யார் கண்ணிலும் படப் பிடிக்கவில்லை. தெருமுனையில் அவளுடைய பழைய விளம்பரத்தின் பெரிய பலகை இன்னும் இருந்தது. காய்கறி வாங்கப் போகும்போது எதிர்ச் சாரியில் நடந்தாள்.

ஆவணி பிறந்த பிறகு ஒருநாள் மத்தியானம் நெல்லையப்பனிடமிருந்து அவளுடைய மலிவு போனுக்கு வீடியோ கால் வந்தது. எடுத்தாள். ஒரு விநாடி யாரென்றே தெரியவில்லை. குளித்துத் திருநீறு பூசிய முகம்போல் துலங்கிக்கொண்டிருந்தான். கண்ணில் அப்படி ஓர் ஒளி.

"முடிஞ்சிட்டுக்கா. மஸ்கட் அண்ணன் சரின்னுட்டாவ. தை மாசம் கல்யாணம்."

அவர் எப்படிச் சம்மதித்தார் என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. அவன் முகம்தான் பதில்.

"வாங்கிட்டேன்க்கா," என்றான். அதில் வெட்கமும் இல்லை, வீறாப்பும் இல்லை. ஒரு மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டு வந்தவன்போல் சொன்னான். "நீ சொன்னதை ஊர்ல ஒருத்தரும் நம்பல. நான் ஒருத்தன்தான் நம்புனேன். நெசம்னு தெரிஞ்ச பெறவு வாங்காம என்ன செய்யச் சொல்லுத?"

மறுபடி பேசிப் பார்க்கலாம் என்று வடிவுதான் அண்ணனிடம் கெஞ்சினாளாம். போன தடவை பையன் பயந்திருப்பான்போல, இப்போது எத்தனை லட்சணமாக இருக்கிறான் என்று அவர் வாய்விட்டுச் சொன்னாராம். அரை மணி நேரம் சிரித்துப் பேசினார்களாம். மாட்டு வாசனைக் கதையையே மறுபடியும் சொன்னானாம். இந்த முறை அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

கோமதிக்கு அந்த போனைப் பிடுங்கிச் சாணிக்குள் அமுக்க வேண்டும்போல் இருந்தது. தன் பேட்டியால் நிஜமாகவே நடந்த ஒரே காரியம் ஓர் அவிரா விற்றதுதான் என்று நினைத்தபோது வாய் கசந்தது. ஆனால் அதையெல்லாம் தள்ளிக்கொண்டு சந்தோஷம் முன்னால் வந்துவிட்டது. தம்பிக்குக் கல்யாணம். பிடித்த பெண்ணோடு கல்யாணம். கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகியவன் இனி அப்படி நிற்க வேண்டாம். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பாக, ரொம்பச் சந்தோஷம்லே, நாளைக்கே வாரேன், முகூர்த்தப் புடவை நான்தான் எடுப்பேன் என்று மடமடவென்று சொன்னாள்.

திரையில் தம்பியின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. அவன் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் அவளை உற்றுப் பார்த்தான். எல்லாம் தெரிந்தவன்தான். உலகத்திலேயே அவளை நம்பிய ஒரே ஆள்தான்.

"என்னக்கா," என்றான் தயங்கித் தயங்கி, "உனக்கு இதுல சந்தோஷம் இல்லியா?"

கோமதி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.